கலருங்களா, பிளாக்குங்களா?

மார்ச் பிறந்துவிட்டால் திருப்பூரில் இரண்டு இடங்களில் ராத்திரி பத்து மணிக்கு மேலும் விளக்கு எரியும். ஒன்று, ஷிப்மெண்ட் தேதி கழுத்தைப் பிடிக்கும் பனியன் கம்பெனி. இன்னொன்று, ஜெராக்ஸ் கடை. ரயில்வே ஸ்டேஷனைத் தாண்டி ஊத்துக்குளி ரோட்டில் மண்ணரைப் பக்கம் வாருங்கள். பேக்கரி, மெஸ், மொபைல் கடை வரிசையில் கம்ப்யூட்டர் சென்டர் ஒன்று கட்டாயம் இருக்கும். வாசலில் கல்லூரி இறுதியாண்டுப் பிள்ளைகள் பென் டிரைவோடு நிற்பார்கள். உள்ளே இருப்பவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்பார்: "கலருங்களா கண்ணு, பிளாக்குங்களா?"

பதில் உடனே வராது. பக்கத்தில் நிற்கும் தோழியைப் பார்ப்பார்கள், போனில் கால்குலேட்டரைத் திறப்பார்கள். பிளாக் என்றால் பக்கம் ஒன்றோ இரண்டோ ரூபாய். கலர் என்றால் பத்து ரூபாயை ஒட்டி வரும். கடைக்குக் கடை கொஞ்சம் மாறும். புராஜெக்ட் ரிப்போர்ட் எண்பது பக்கம், அதில் கலர் வேண்டிய பக்கம் இருபத்தைந்து என்று வையுங்கள். துறைக்கு ஒன்று, நூலகத்துக்கு ஒன்று, தனக்கு ஒன்று என மூன்று பிரதி. கலருக்கு மட்டும் 750 ரூபாய். அட்டையில் தங்க எழுத்து போட்ட ஹார்டு பைண்டிங் தனி.

அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வந்த பெண்ணுக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 2024 ஆகஸ்டிலிருந்து அதே தொகை. அந்த மாதப் பணத்தில் முக்கால் பங்கு, நீலமும் ஆரஞ்சுமாக நிற்கும் வட்ட வரைபடங்களுக்குப் போகிறது.

அந்த வரைபடங்களைப் பற்றி ஒரு வார்த்தை. வணிகவியல், மேலாண்மைப் பிள்ளைகளின் ரிப்போர்ட்டைப் புரட்டியவர்களுக்குத் தெரியும். இருபது கேள்விகள் கொண்ட ஒரு படிவம், இருபது அட்டவணை, அட்டவணைக்குக் கீழே அதையே திரும்பச் சொல்லும் இருபது படம். ஆண் இத்தனை சதவீதம், பெண் இத்தனை சதவீதம் என்று இரண்டே எண்களைச் சொல்ல ஒரு முழு வண்ண வட்டம். இது ஆராய்ச்சிக்காக இல்லை, ரிப்போர்ட் கனமாக இருக்கவேண்டும் என்பதற்காக. இந்தப் பழக்கத்தைத் துறைகள் விட்டாலே கலர் செலவில் பாதி குறையும். ஆனால் எல்லாப் பக்கமும் அப்படியல்ல. தாவரவியல் மாணவியின் இலைநோய்ப் படம், வேதியியலில் கரைசல் நிறம் மாறும் படம், ஆடை வடிவமைப்புப் பிள்ளையின் பிரிண்ட் டிசைன் இவற்றைக் கருப்பு வெள்ளையில் போட்டால் பொருளே போய்விடும். முதலிபாளையத்தில் 1997 முதல் இயங்கும் நிஃப்ட்-டீ கல்லூரி மாதிரி இடங்களில் படிப்பே நிறத்தைப் பற்றியது.

கல்லூரிக்குள் கம்ப்யூட்டர் லேப் இருக்கும்போது பிள்ளைகள் ஏன் ரோட்டுக்கு வருகிறார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

பூட்டிய அறை

திருப்பூரில் சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரியும் எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கலைக் கல்லூரியும் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை. சுற்றிலும் தனியார் கல்லூரிகள் நிறைய. இவற்றில் எந்தக் கல்லூரியையும் குறிப்பிட்டுக் குறை சொல்லவில்லை. தமிழ்நாட்டில் கலை அறிவியல் கல்லூரி லேப் எதற்குள் போயிருந்தாலும் இந்தக் காட்சி பழக்கம். வரிசையாகக் கணினிகள். மூலையில் துணி மூடிய லேசர் பிரிண்டர், பெரும்பாலும் கருப்பு மட்டும். அது தேர்வுத் தாளுக்கும் சுற்றறிக்கைக்கும். டோனர் தீர்ந்தால் கொட்டேஷன் மூன்று, கையெழுத்து நாலு. கலர் மெஷின் இருந்தால் அது முதல்வர் அறைக்குப் பக்கத்தில், நாக் தரமதிப்பீட்டுக் குழு வரும் வாரத்தில் மட்டும் விழித்திருக்கும்.

லேப் உதவியாளரைக் குறை சொல்லிப் பயனில்லை. கலர் பிரிண்டரைத் திறந்துவிட்டால் முதல் வாரத்திலேயே கல்யாணப் பத்திரிகையும் நடிகர் படமும் பிறந்தநாள் போஸ்டரும் வரும் என்பது அவர் அனுபவம். யாருக்கும் சொந்தமில்லாத பிரிண்டர் சீக்கிரம் சாகும், சாகடித்ததற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அதனால் பூட்டுகிறார்.

பூட்டாமலும் சாகாமலும் ஒரு மெஷினைப் பத்துப் பேர் வைத்து நடத்துவது எப்படி என்று திருப்பூருக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. இந்த ஊரின் தொழிலே ஜாப் ஒர்க். ஏற்றுமதி செய்பவர் எல்லா மெஷினும் வாங்கிப் போடுவதில்லை. நிட்டிங் ஒருவரிடம், சாயம் ஒருவரிடம், காம்பாக்டிங் ஒருவரிடம், பிரிண்டிங் இன்னொருவரிடம், காஜா பட்டன் அடுத்த சந்தில். கிலோ கணக்கில், பீஸ் கணக்கில் கூலி. அவரவர் மெஷின் ஊருக்கே மெஷின்.

இன்னும் நெருக்கமான பாடம் மண்ணரையிலேயே இருக்கிறது. 2011இல் திருப்பூர் மாநகராட்சியோடு சேர்ந்த ஊராட்சிகளில் ஒன்று இது. நொய்யல் ஆற்றோரத்துச் சாயப்பட்டறைகள் தனித்தனியாகக் கழிவைச் சுத்திகரிக்கக் கட்டுப்படியாகாது என்று 1990களில் கூடிப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டின. மண்ணரையிலும் ஒன்று அமைந்தது. பட்டறைக்காரர்களே பங்குதாரர்கள், விடுகிற தண்ணீருக்கு ஏற்பக் கட்டணம். அந்த முதல் தலைமுறை நிலையங்கள் நிறத்தைக் குறைத்தன, உப்பை விட்டுவிட்டன. நொய்யலில் 1992இல் கட்டிமுடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணீர்த் தொட்டி ஆனது. சொட்டுக் கழிவும் ஆற்றுக்குப் போகக்கூடாது என்று 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2011 ஜனவரி 28 உத்தரவில் சாயப்பட்டறைகளும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் மூடப்பட்டன. ஊரே ஸ்தம்பித்தது. பிறகு சவ்வூடு வடிகட்டலும் ஆவியாக்கிகளும் வந்து, தண்ணீரைத் திரும்ப எடுத்துப் பட்டறைக்கே கொடுக்கும் முறை நிலைபெற்றது.

அதில் ஊர் கற்றது மிக எளிய சங்கதி. பொதுவில் வைத்த பொருளுக்கு அளவு மீட்டர் வேண்டும், யார் எவ்வளவு பயன்படுத்தினார் என்ற கணக்கு வேண்டும், பராமரிப்புக்குத் தனிப்பணம் வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் கடைசியில் பூட்டுதான். ஒரு பெரிய ஆலைக்கு இவ்வளவு விலை கொடுத்துக் கற்ற பாடத்தை, முப்பது கிலோ எடையுள்ள ஒரு பிரிண்டருக்கு ஏன் பொருத்திப் பார்க்கவில்லை என்றுதான் ஆச்சரியம்.

நீலம் ஏன் ஊதா ஆனது?

காசு கொடுத்தும் கலர் சரியாக வருவதில்லை என்பது அடுத்த புலம்பல். "ஸ்கிரீன்ல நல்லா இருந்துச்சுங்ண்ணா, பேப்பர்ல மங்கிருச்சு." கடைக்காரர் பிரிண்டர் மேல் பழி போடுவார், பிள்ளை கடை மேல். இருவர் சொல்வதும் தப்பு.

திரை ஒளியால் நிறம் காட்டுகிறது: சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் கூட்டினால் வெள்ளை. தாள் அதற்கு நேர் எதிர். அது தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஒரு பகுதியை மை விழுங்க, மீதியைத் திருப்பி அனுப்புகிறது. அங்கே வேலை செய்வது சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு என்ற நான்கு. திரை காட்டும் பளீர் நீலத்தை அந்த நான்கால் கட்ட முடியாது. சயானும் மெஜந்தாவும் சேர்ந்து கிட்டத்தட்ட ஊதாவில் போய் நிற்கும். கண்ணைப் பறிக்கும் பச்சை, நியான் பிங்க் இவற்றுக்கும் இதே கதி.

இதை மண்ணரையில் ஒரு பிரிண்டிங் பட்டறைக்காரரிடம் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார். டி-ஷர்ட்டில் நியான் வேண்டுமென்றால் நியான் மையையே தனியாகக் கலக்கி, அதற்கென்று ஒரு ஸ்கிரீன் போட்டு அடிப்பார். எட்டு நிற டிசைனுக்கு எட்டு ஸ்கிரீன். ஆபீஸ் பிரிண்டரிடம் இருப்பது நான்கே மை, அதற்குள்தான் உலகத்தை அடக்க வேண்டும். அதனால் பட்டறைக்காரர் முதலில் ஸ்ட்ரைக்-ஆஃப் எனப்படும் மாதிரியை அடித்துப் பார்க்கிறார். பையர் ஒப்புதல் தந்த பிறகுதான் மொத்த பீஸ். சாயத்துக்கு லேப் டிப் என்ற மாதிரித் துண்டை அனுப்புவதும் இதே காரணத்துக்குத்தான். அந்தத் துணித் துண்டைப் பேண்டோன் நிற அட்டையோடு வைத்து, லைட் பாக்ஸுக்குள் பகல் வெளிச்சத்தைப் போன்ற டி65 விளக்கில் ஒருமுறை, கடை வெளிச்சமான டிஎல்84இல் ஒருமுறை பார்ப்பார்கள். ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு துணி இன்னொரு விளக்கில் பிரிந்து நிற்கும். மெட்டமெரிசம் என்ற இந்தத் தொல்லை பெயரளவிலாவது தெரியாத மெர்ச்சண்டைசர் இங்கே கிடையாது. ஷேடு பார்ப்பவரின் கண்ணையே ஃபார்ன்ஸ்வொர்த்-மன்சல் 100 ஹியூ என்ற சோதனைக்கு உட்படுத்தும் கம்பெனிகள் உண்டு.

அப்பா செக்கிங்கில், அம்மா பவர் டேபிளில், அண்ணன் மெர்ச்சண்டைசர் என்ற வீட்டிலிருந்து வரும் பிள்ளை, எண்பது பக்கத்தையும் மூன்று பிரதியாக ஒரே மூச்சில் அடிக்கச் சொல்லிவிட்டுப் பிறகு நிறம் மாறிவிட்டது என்று நிற்பதுதான் வேடிக்கை. கலர் பக்கத்தில் ஒன்றை மட்டும் முதலில் அடித்து, கடை ட்யூப்லைட்டில் பார்க்காமல் வாசலுக்கு எடுத்துவந்து பகலில் பார்த்தால் போதும். பத்து ரூபாயில் ஒரு ஸ்ட்ரைக்-ஆஃப்.

தாளும் பேசும். ஜெராக்ஸுக்குப் போடும் தாள் பெரும்பாலும் 70 முதல் 80 ஜிஎஸ்எம். ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற அதே கணக்குத்தான் பனியன் துணிக்கும். 180 ஜிஎஸ்எம் சிங்கிள் ஜெர்சி என்று சொல்லாமல் இங்கே ஆர்டரே பேசமுடியாது. மெல்லிய தாளில் அடர்ந்த நிறம் அடித்தால் பின்பக்கம் தெரியும். இங்க்ஜெட்டில் மை ஊறித் தாள் நெளியும். கலர் பக்கத்துக்கு மட்டும் 100 ஜிஎஸ்எம் கேட்டு வாங்குவது வீண் ஆடம்பரமில்லை.

கடையில் இருக்கும் மெஷினும் இரண்டு சாதி. லேசர் ஒன்று; பிளாஸ்டிக் தூளை மின்னூட்டத்தால் தாளில் ஒட்டவைத்து, 200 டிகிரியை ஒட்டிய சூட்டில் உருக்கிப் பதிக்கும். தாள் சுடச்சுட வருவது அதனால்தான். (சப்ளிமேஷன் பிரிண்ட்டில் பாலியெஸ்டர் பனியனுக்கும் கிட்டத்தட்ட அதே சூடு.) மற்றது டேங்க் வைத்த இங்க்ஜெட். கார்ட்ரிட்ஜ் விலை தாங்காமல் கடைக்காரர்களே குழாய் மாட்டி வெளியிலிருந்து மை ஊற்றிய காலம் ஒன்று இருந்தது. அதைப் பார்த்துத்தான் கம்பெனிகளே 2010 வாக்கில் டேங்க் பிரிண்டரை இறக்கின. இங்க்ஜெட்டில் பக்கச் செலவு குறைவு, ஆனால் வியர்வைக் கை பட்டால் ஈஷும்.

விலையில் ஒரு சூட்சுமம் உண்டு. வாடகைக்கும் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கும் எடுத்த பெரிய கலர் மெஷின்களில் பக்கத்துக்கு இவ்வளவு என்று மீட்டர் ஓடும். பக்கத்தில் ஒரு துளி நிறம் இருந்தாலும் அது கலர் பக்கம். அடிக்குறிப்பில் இணைய முகவரி ஒன்று நீலத்தில் கோடு போட்டு நின்றால், அந்தக் கருப்புப் பக்கம் முழுக்கக் கலர் கணக்கில் ஏறிவிடும். கல்லூரிச் சின்னத்தைப் பக்கம்தோறும் தலைப்பில் வைப்பவர்கள் எண்பது பக்கத்தையும் கலராக்கிக்கொள்கிறார்கள். டோனர் எத்தனை பக்கம் வரும் என்று பெட்டியில் போடும் எண், பக்கத்தில் ஒவ்வொரு நிறமும் ஐந்து சதவீதம் போலப் பரவியிருக்கும் என்ற கணக்கு. கருநீலப் பின்னணியில் வெள்ளை எழுத்து வைத்த பவர்பாயிண்ட் ஸ்லைடை அடித்தால் கடைக்காரர் முகம் மாறுவதில் நியாயம் இருக்கிறது.

கட்டம் கட்டமாக வந்த தமிழ்

தமிழ்த் துறைப் பிள்ளைகளுக்கு நிறத்தைவிடப் பெரிய தலைவலி எழுத்து. வீட்டில் வானவில்லிலோ பாமினியிலோ தட்டியது கடைக் கணினியில் திறந்தால் ஆங்கிலக் கிறுக்கலாக நிற்கும். 1999இல் சென்னை தமிழ்நெட் மாநாடு டாம், டாப் குறியீடுகளைக் கொண்டுவந்தது. 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டு நேரத்தில், தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ் 16ஐயும் ஏற்றது. இத்தனை ஆண்டு ஆகியும் பழைய எழுத்துருக்கள் டிடிபி கடைகளை விட்டுப் போகவில்லை, காரணம் கைப்பழக்கம். பிடிஎஃப் ஆக்கி, எழுத்துருவை உள்ளேயே பொதிந்து கொண்டுவந்தால் இந்தத் தொல்லை கிடையாது. வேர்டு கோப்பாகவே கொண்டுவந்தால் பக்கம் தள்ளிப்போய், பொருளடக்கத்தில் 34 என்றிருப்பது 36இல் நிற்கும். அந்தக் கடைசி நிமிடத் திருத்தத்தைக் கடைக்காரரின் விரல்தான் செய்கிறது. ஆய்வேட்டின் கடைசி ஆசிரியர் அவர் என்றுகூடச் சொல்லலாம்.

பொதுக் கணினியில் விட்டுவரும் பொருள்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கடை டெஸ்க்டாப்பில் யார் யாரோ அனுப்பிய ஆதார், டிசி, வங்கிப் புத்தகம் வரிசையாகக் கிடக்கும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பனியன் வேலைக்கு வந்தவர்களின் அடையாளம் முழுவதும் இந்தக் கடைகளின் ‘டவுன்லோட்ஸ்’ பெட்டிக்குள்தான் இருக்கிறது. 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், ஆதார் நகலைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள், பொதுக் கணினியில் இறக்காதீர்கள், இறக்கினால் அழித்துவிடுங்கள் என்று அறிவுரை வெளியிட்டது. இரண்டே நாளில், தவறாகப் புரிந்துகொள்ள வாய்ப்பிருக்கிறது என்று அது திரும்பப் பெறப்பட்டது. அறிவுரை என்னவோ சரியானதுதான். வாட்ஸ்அப் வெப்பில் நுழைந்து பிரிண்ட் எடுத்தால், எழும்போது லாக்-அவுட் கொடுத்துவிட்டு எழவேண்டும்.

கலர் லேசர் தரும் தாளில் உங்களுக்குத் தெரியாமல் ஒரு முத்திரையும் இருக்கலாம். கள்ளநோட்டுப் பயத்தில் பல கம்பெனி மெஷின்கள் கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் புள்ளிகளைப் பக்கமெங்கும் தூவுகின்றன. அமெரிக்காவின் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் 2005இல் ஒரு ஜெராக்ஸ் மாடலின் புள்ளிகளைப் படித்துக் காட்டியது. அடித்த தேதி, நேரம், மெஷினின் வரிசை எண் எல்லாம் அதில் இருந்தன.

ஒரு பிரிண்டர் கிளப்பிய கலகம்

பல்கலைக்கழகப் பொது பிரிண்டரால் உலகமே கொஞ்சம் மாறிய கதை ஒன்று உண்டு. 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் கம்பெனி ஒரு லேசர் பிரிண்டரைக் கொடுத்தது. ஒரு மாடியில் மெஷின், பல மாடிகளில் ஆட்கள். இறங்கிவந்து பார்த்தால் தாள் சிக்கி நிற்கும். பழைய பிரிண்டரில் தாள் சிக்கினால் எல்லோர் திரையிலும் செய்தி வரும்படி ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற நிரலாளர் மாற்றி எழுதியிருந்தார். புதியதில் மூல நிரலைக் கம்பெனி தரவில்லை. வேறொரு பல்கலைக்கழகத்தில் நிரல் வைத்திருந்தவரிடம் நேரில் போய்க் கேட்டும், அவர் ரகசிய ஒப்பந்தம் போட்டிருக்கிறேன் என்று மறுத்துவிட்டார். அந்தக் கோபம் 1983இல் குனூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டமாயிற்று, லினக்ஸ் உலகம் அதன்மேல்தான் எழுந்தது.

நமக்கு அதைவிடப் பயன்படும் கதை டெல்லியில் நடந்தது. டெல்லி பொருளாதாரப் பள்ளி வளாகத்துக்குள் ராமேஸ்வரி ஃபோட்டோகாப்பி சர்வீஸ் என்ற சின்னக் கடை. பல்கலைக்கழகம் உரிமம் தந்து இடம் கொடுத்தது. பதிலுக்குக் கடை குறைந்த கட்டணத்தில் மாணவர்களுக்கு நகல் எடுத்தது. 2012இல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் பதிப்பகங்கள் பாடத்தொகுப்பு நகல்களுக்காக வழக்குப் போட்டன. 2016 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ராஜீவ் சகாய் எண்ட்லா கடைக்கும் மாணவர்களுக்கும் சார்பாகத் தீர்ப்பளித்தார். அதே டிசம்பரில் இரு நீதிபதி அமர்வு, கற்பிப்பதற்குத் தேவையான அளவு நகலுக்குச் சட்டத்தில் இடமுண்டு என்பதை ஏற்று, விவரங்களை விசாரிக்கத் திருப்பி அனுப்பியது. 2017 மார்ச்சில் பதிப்பகங்களே வழக்கிலிருந்து விலகின.

பதிப்புரிமை வாதத்தை வக்கீல்கள் பார்த்துக்கொள்ளட்டும். என் கண்ணில் பட்டது அந்த ஏற்பாடு. மெஷின் கடைக்காரருடையது, பழுதானால் அவர் பாடு. இடம் கல்லூரியுடையது, அதனால் விலையைக் கல்லூரி நிர்ணயிக்கலாம். மாணவனுக்குப் பூட்டில்லை, லேப் உதவியாளருக்குப் பயமில்லை. திருப்பூர்க்காரர்கள் இதை ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள்: ஜாப் ஒர்க்.

பல வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் மாணவன் எங்கிருந்து வேண்டுமானாலும் பிரிண்ட் கொடுக்கலாம்; மெஷினுக்கு முன்னால் வந்து அடையாள அட்டையைக் காட்டினால்தான் தாள் வெளியே வரும், கணக்கிலிருந்து காசு கழியும். மறந்துபோன பிரிண்ட் தட்டில் குவியாது, அடுத்தவன் ரிசல்ட்டை யாரும் புரட்ட முடியாது. இதற்கான மென்பொருள் நம்மூர் ஐ.ஐ.டி.களுக்குப் புதிதல்ல. ஆனால் அரசுக் கலைக் கல்லூரிக்கு அந்த அளவுக்குக்கூடத் தேவையில்லை. ஒரு நோட்டு, பதிவு எண், பக்க எண்ணிக்கை, கியூஆர் கோடு ஒட்டிய அட்டை போதும்.

வேறு வழியும் திறந்தே இருக்கிறது. ஆய்வேடுகளை மின்வடிவில் கேட்டு ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் ஏற்றும் முறை 2009 முதல் பிஎச்.டி.க்கு உண்டு. இளங்கலை, முதுகலை ரிப்போர்ட்டுக்கும் கலரில் ஒரு பிடிஎஃப், கருப்பில் ஒரே ஒரு அச்சுப் பிரதி என்று துறை சொன்னால் 750 ரூபாய் கேள்வியே எழாது. இப்போது நூலகத்துக்குப் போகும் ஹார்டு பைண்டிங் பிரதிகள் அலமாரி மேல் அடுக்கிலிருந்து இறங்கியதை யாராவது பார்த்திருந்தால் சொல்லுங்கள்.

அதுவரை மண்ணரைக் கடைக்காரர்களிடம் ஒரு துறைத் தலைவர் போய்ப் பேசலாம். நூறு மாணவர், தலைக்கு இருபத்தைந்து கலர் பக்கம், மூன்று பிரதி என்றால் 7500 பக்கம். மொத்த ஆர்டருக்கு விலை பேசத் தெரியாதவர் யாரும் இந்த ஊரில் இல்லை. கல்லூரி அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம், மார்ச் முதல் வாரத்துக்கு முன்னால். கட்டுப்படியாகும் விலையைக் கடைக்காரரே சொல்வார்.